பழைய மடிக்கணினியில் விளையாட்டின் படம் சிதைந்தால்: சூடேற்றும் முன் பார்க்க வேண்டியவை

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மடிக்கணினி ஒன்று அண்மையில் என் பழுதுபார்ப்பு மேசைக்கு வந்தது. விளையாட்டில் இருண்ட காட்சி வரும்போதெல்லாம் சிவப்புப் புள்ளிகள் மின்னுகின்றன என்றார் உரிமையாளர். கிராபிக்ஸ் சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளான டிரைவரை மூன்று முறை மாற்றிப் பார்த்திருந்தார். கிராபிக்ஸ் சிப் போய்விட்டது, மதர்போர்டைச் சூடேற்றினால் சரியாகும் என்று யாரோ சொன்னதை நம்பி அதற்கும் ஆயத்தமாகவே வந்திருந்தார். புள்ளிகள் தெரிந்த நேரத்தில் பிரிண்ட் ஸ்கிரீன் விசையை அழுத்தி, சேமித்த படத்தை வேறொரு கணினியில் திறந்தேன். அதில் ஒரு புள்ளிகூட இல்லை; அதாவது சிப் வரைந்த படம் சரி, அது திரைக்கு வரும் வழியில்தான் கெடுகிறது. திரையை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்தபோது, குறிப்பிட்ட ஒரு கோணத்தில் புள்ளிகள் முற்றிலும் மறைந்தன. கீல் வழியாகச் செல்லும் டிஸ்ப்ளே கேபிளின் இணைப்பு தளர்ந்திருந்தது. டெஸ்க்டாப்பின் வெளிர்நிறப் பின்னணியில் கண்ணில் படாத அந்தக் குறை கருமையான காட்சிகளில் மட்டும் வெளிப்பட்டதால், பழி விளையாட்டின் மீதும் டிரைவரின் மீதும் விழுந்திருக்கிறது.

இருபது ஆண்டுகள் தாண்டிய மடிக்கணினிகள் பல, தேய்ந்து அழிவதைவிட அவசர வைத்தியத்தால் அழிவதையே நான் அதிகம் பார்க்கிறேன். ஆகவே எதையும் மாற்றும் முன், படம் எந்த இடத்தில் கெடுகிறது என்பதை முதலில் கண்டறியுமாறு கேட்டுக்கொள்கிறேன். விளையாட்டு வரையச் சொல்வதை டைரக்ட்எக்ஸ் என்ற விண்டோஸின் இடைநிலை மென்பொருளும் டிரைவரும் சிப்புக்குக் கொண்டுசெல்கின்றன. சிப் தன் நினைவகத்தில் வரைந்து வைப்பதைக் கேபிள் திரைக்குக் கொண்டுவருகிறது. விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் பயாஸ் அமைப்புத் திரையிலேயே கோடுகள் தெரிந்தால் விண்டோஸுக்கும் டிரைவருக்கும் அதில் பங்கில்லை. வெளியே ஒரு மானிட்டரை இணைத்து, அதில் படம் சுத்தமாக வந்தால் கோளாறு கேபிளிலோ மடிக்கணினியின் திரைப் பேனலிலோ இருக்கிறது. இரண்டிலும் ஒரே மாதிரி கெட்டிருந்தால்தான் சிப், டிரைவர், விளையாட்டு என்ற பக்கம் திரும்ப வேண்டும்.

அந்தப் பக்கம் திரும்பினால், எக்ஸ்பியிலேயே இருக்கும் டிஎக்ஸ்டயக் என்ற கருவி நல்ல துணை. அதன் டிஸ்ப்ளே பக்கத்தில் உள்ள டைரக்ட்3டி சோதனை ஒரு கனசதுரத்தைச் சுழலவிடும். கனசதுரம் ஒழுங்காகச் சுழன்று, ஒரே ஒரு விளையாட்டில் மட்டும் படம் சிதைந்தால், சிப்பைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். 256 நிறங்களில் இயங்கும் 1990களின் விளையாட்டுகளை விண்டோஸ் விஸ்டாவிலோ 7இலோ ஓட்டும்போது, புல்லும் நீரும் ஊதாவாகவும் சிவப்பாகவும் மாறுவதைக் கண்டு பலர் பயந்துபோகிறார்கள். அங்கே விளையாட்டின் வண்ணப் பட்டியலில், டெஸ்க்டாப்பையும் டாஸ்க்பாரையும் காட்டும் எக்ஸ்புளோரர் என்ற விண்டோஸ் நிரல் குறுக்கிடுகிறது. டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்புளோரரை நிறுத்திவிட்டு விளையாடி, முடிந்ததும் அதை மீண்டும் தொடங்கினால் போதும். வேறு சில விளையாட்டுகளில் மூடுபனி வராது, அல்லது பொருள்களின் மேற்பரப்பு வெள்ளையாக நிற்கும். அந்த விளையாட்டு கேட்கும் வசதி அந்தச் சிப்பிலேயே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால், விளையாட்டின் அமைப்புகளில் மென்பொருள் வழி வரையும் முறை இருக்கிறதா என்று பாருங்கள்; வேகம் குறையும், படம் சரியாக வரும். 640×480 காட்சி 1024×768 திரையில் மங்கலாகத் தெரிவதும் பழுதன்று, ஒரு புள்ளியை 1.6 புள்ளிகளாக விரித்துக் காட்டுவதன் விளைவு.

சூடு பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தொடங்கும்போது சுத்தமாக இருந்த படம் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துச் சிதறினால் முதல் சந்தேகம் வெப்பத்தின் மீதுதான். விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துணிபோல் படிந்திருக்கும். சிப்பின் வெப்பத்தைத் தகடுகளுக்குக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிரும். இரண்டையும் சரிசெய்தாலே பல கணினிகள் பிழைத்துக்கொள்கின்றன. ஆனால் நினைவகச் சிப்களின் மேல் இருக்கும் மெத்தென்ற தெர்மல் பேடை எடுத்துவிட்டு அங்கே பேஸ்ட் தடவாதீர்கள். நினைவகச் சிப்புக்கும் மேலுள்ள உலோகத் தகட்டுக்கும் இடையிலான இடைவெளியைப் பேஸ்ட்டால் நிரப்ப முடியாது, வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். அதே தடிமனில் புதிய பேடைத்தான் வைக்க வேண்டும்.

மதர்போர்டை அடுப்பில் வைப்பதையும், ஹாட் ஏர் கருவியால் சிப்பைச் சுடுவதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். சிப்பை மதர்போர்டில் பிடித்துவைக்கும் ஈயப்பற்றில் (சால்டர்) விழுந்த விரிசல் உருகி ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் அப்படிச் செய்கிறார்கள். ஈயம் கலந்த பழைய ஈயப்பற்று 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டுப்பாடு 2006 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபின் பரவலான ஈயமில்லாப் பற்று உருக ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். அந்த வெப்பத்தில் பிளாஸ்டிக் இணைப்பிகள் வளைகின்றன, மின்தேக்கிகள் கெடுகின்றன. பெரும்பாலும் விரிசல் சிப்புக்கு அடியில் உள்ள பற்றில்கூட இருப்பதில்லை. சிப்பின் உள்ளே, சிலிக்கானையும் அதன் அடித்தளத்தையும் இணைக்கும் நுண்ணிய புடைப்புகளில் இருக்கிறது. சூட்டில் அவை தற்காலிகமாகத் தொட்டுக்கொள்வதால் சில வாரங்கள் படம் வரும். பிறகு, முன்பு பிழைத்திருந்த பாகங்களும் சேர்ந்து போய்விடும்.

டிரைவரைப் பொறுத்தவரை, புதியதே நல்லது என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. மடிக்கணினிகளின் கிராபிக்ஸ் டிரைவர் பெரும்பாலும் அந்தந்த மாடலுக்கென்றே தயாரித்தவரால் வழங்கப்பட்டது. சிப் நிறுவனத்தின் பொது டிரைவரில் உள்ள ஐஎன்எஃப் கோப்பில், அதாவது எந்தெந்தக் கணினிகளுக்குப் பொருந்தும் என்று பட்டியலிடும் கோப்பில், அந்த மாடலின் அடையாள எண் இல்லாவிட்டால் அது நிறுவவே மறுக்கும். அந்த நேரத்தில் முன்பின் தெரியாத தளங்களிலிருந்து எடுக்கும் டிரைவர் தொகுப்புகள் வைரஸுக்கு வாசல் திறந்துவிடுகின்றன. எனவே இப்போதுள்ள டிரைவரை நீக்கும் முன், ஹார்டு டிஸ்க் முழுவதையும் வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். தயாரித்த நிறுவனமே அந்த மாடலின் பக்கத்தை நீக்கியிருந்தால், உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே டிரைவர் அந்த ஹார்டு டிஸ்க்கில் இருப்பதாகவே இருக்கலாம்.