அறுவடைக்குப் பின்னும் விழித்திருக்கும் காவல்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரத்தில் ராகி கதிர் முற்றும் பருவத்தில் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைகள் இறங்கி வரும். அப்போது பரணில் காவல் இருக்கும் உழவரின் உடல் சற்றுக் கண்ணயர்ந்தாலும் காது உறங்குவதில்லை. சருகு நொறுங்கினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். கதிரை அறுத்துக் களம் சேர்த்த பிறகு வீட்டுக்குத் திரும்பும் அவருக்குச் சில நாட்களில் பழைய உறக்கம் கைகூடிவிடும். ஆனால் அடியும் பசியும் கைவிடப்படுதலும் கண்டு, குழந்தைகள் இல்லத்துக்கோ உறவினர் வீட்டுக்கோ வளர்ப்புக் குடும்பத்துக்கோ வந்து சேரும் குழந்தையின் மூளை, ஆபத்து நீங்கிய பிறகும் பரணைவிட்டு இறங்க மறுக்கிறது.

இந்தக் காவலின் தலைமையிடம் அமிக்டலா என்னும், வாதுமைப் பருப்பின் வடிவுடைய சிறு பகுதி. ஆபத்தின் சாயல் தெரிந்தவுடன் அது ஹைப்போதலாமஸ் என்னும் மற்றொரு மூளைப் பகுதிக்குச் செய்தி அனுப்ப, அட்ரினல் சுரப்பிகளிலிருந்து அட்ரினலினும் சற்றுப் பின்னர் கார்டிசாலும் இரத்தத்தில் கலக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, செரிமானம் மந்தமாகிறது, தசைகள் ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகின்றன. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் விளக்கிய இந்த ஏற்பாடு உயிரைக் காப்பது. சில நிமிடங்களில் அடங்கிவிடுமானால் அதனால் கேடில்லை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அடங்காமல் தொடரும்போதுதான் அமிக்டலா சிறு தூண்டலுக்கும் பொங்கி எழப் பழகிவிடுகிறது. அதைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய முன்மூளைப் புறணியோ இருபத்தைந்து வயதை ஒட்டியே முழு வளர்ச்சி அடைகிறது. அச்சம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் சொல்லைக் கேட்டுப் பொருள்கொள்ளும் திறனும் தன் செயலுக்குக் காரணம் சொல்லும் திறனும் குறைந்துவிடுகின்றன. "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று உரத்துக் கேட்கும்போது குழந்தை வாய் திறவாமல் நின்றால், அதைத் திமிர் என்று கொள்வதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

இல்லங்களில் அடிக்கடி தண்டனைக்கு ஆளாகும் ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சிறுவன் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுகிறான்; ஆனாலும் அவனுடைய டிரங்குப் பெட்டியில் காய்ந்த இட்லியும் தலையணைக்கு அடியில் பூசணம் பிடித்த ரொட்டியும் கிடைக்கின்றன. பார்ப்பவர் இதைத் திருட்டு என்கிறார். அடுத்த வேளை உணவு வருமா என்பது தெரியாத நாட்களைக் கண்ட உடலுக்கோ, கையில் கிடைத்ததை ஒளித்து வைப்பது உயிர்காக்கும் அறிவு. சமையலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால், "உணவு மீண்டும் நின்றுபோகும்" என்ற பழைய அச்சத்துக்கு நாமே சான்று தருகிறோம். மாறாக, பொரியும் வறுகடலையும் நிரப்பிய ஒரு டப்பாவை அவன் கட்டிலருகே வைத்து, "இது உன்னுடையது, குறையும்போது நான் நிரப்புவேன்" என்று சொல்லி, சொன்னபடி நிரப்பிவந்தால், ஒளித்து வைக்கும் தேவை மெல்ல மெல்லத் தளரத் தொடங்குகிறது. அது வாரக்கணக்கிலும் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். இடையில் ஒருநாள் அவன் மீண்டும் ஒளித்து வைத்தாலும் டப்பாவைப் பறிக்கக் கூடாது.

நினைவு செயல்படும் முறையும் இதோடு சேர்ந்தது. எந்த நிகழ்ச்சி எங்கே, எப்போது நடந்தது என்று முறைப்படுத்தும் ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப் பகுதி, கடும் அச்சத்தின்போது தன் வேலையைச் சரிவரச் செய்வதில்லை. அதனால் சாராய வாடை, பெல்ட்டைக் கழற்றும் ஒலி, நள்ளிரவில் தாழ்ப்பாள் நகரும் ஓசை ஆகியவை பழங்கதையாக நினைவுக்கு வராமல், இப்போதே நடப்பதாக உடலில் எழுகின்றன. எல்லாக் குழந்தைகளும் அலறுவதில்லை. சிலர் அப்படியே உறைந்துபோய், கேட்டதற்கெல்லாம் தலையசைத்து, ஒரு தொல்லையும் தராமல் இருப்பார்கள். "நல்ல பிள்ளை" என்று பெயர் வாங்கும் அந்தக் குழந்தைகளே கவனிப்பில் பெரிதும் தவறவிடப்படுகிறார்கள் என்பது என் கவலை.

அமைதி என்பதும் கற்றுக்கொள்ளும் ஒன்றே. கைக்குழந்தைக்குத் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளத் தெரியாது. அழும்போது ஒருவர் தூக்கி, தட்டி, ஆற்றும் அனுபவம் ஆயிரக்கணக்கான முறை வாய்த்த பிறகே அதன் நரம்பு மண்டலம் அந்த வித்தையைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது. ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஆய்வில், நிறுவனங்களில் வளர்ந்த 136 இளங்குழந்தைகளில் ஒரு பாதியினர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுடைய அறிவுத்திறனும் பிறரோடு பிணையும் ஆற்றலும் மேம்பட்டன. ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்களிடம் அந்த மாற்றம் கூடுதலாக இருந்தது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கி 2001-இல், அப்போது கிருஷ்ணகிரியும் அடங்கியிருந்த தருமபுரிக்கும் விரிவாக்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டத்தை அறிந்த நம் பகுதிக்கு இந்த முடிவு நெருக்கமானது. தொட்டிலில் கிடைத்த உயிருக்குப் பாலும் மருந்தும் எவ்வளவு அவசரமோ, தனக்கென்று ஒரு முகம் கிடைப்பதும் அவ்வளவு அவசரம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் நிறுவனத்தில் வைப்பதைக் கடைசி வழியாகவே கருதுகிறது.

அந்த முகம் எந்த மொழியில் பேசுகிறது என்பதும் பொருட்டே. ஓசூர், தளிப் பக்கத்துக் குழந்தைகள் பலருக்குத் தெலுங்கோ கன்னடமோ வீட்டு மொழி. பகலில் தமிழ் தடையின்றிப் பேசும் சிறுமிகூட இரவில் திடுக்கிட்டு எழும்போது, அவளைத் தாலாட்டிய மொழியில் நான்கு சொற்கள் சொல்லக்கூடியவர் அருகில் இருந்தால் விரைவில் அடங்குவாள். குழந்தையை ஏற்கும் நாளிலேயே, அவளைத் தூங்கவைக்க வீட்டில் என்ன செய்வார்கள், என்ன சொல்லி அழைப்பார்கள் என்று கேட்டு எழுதி வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

இனி, பேசப்படாத மறுபாதி. குழந்தையை ஆற்றும் கருவி பராமரிப்பவரின் உடலே என்றால், அந்த உடல் ஓய்ந்திருக்க வேண்டும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் சென்ற மகளின் பிள்ளைகளை வளர்க்கும் அவ்வாவுக்கும், இரவு முழுவதும் தனியாளாய் ஓர் அறை நிறைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லப் பணியாளருக்கும் அமிக்டலா உண்டு. எட்டு வயதுச் சிறுவன் தட்டை வீசியெறியும்போது அவர்களுக்கும் நெஞ்சு படபடக்கிறது. தூக்கமில்லாதவருக்கு அது இன்னும் எளிதில் நிகழ்கிறது. குழந்தைகளின் துயரக் கதைகளை நாள்தோறும் கேட்பவர்கள் தாங்களே கனவில் நடுங்குவதும், ஒரு கட்டத்தில் எதையும் உணராதவர்களாக மரத்துப்போவதும் நன்கு அறியப்பட்ட விளைவுகள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் இயங்கும் சம்வாத் போன்ற அமைப்புகள், இத்தகைய குழந்தைகளைப் பராமரிப்பவர்களுக்குப் பயிற்சி தருகின்றன. மிஷன் வாத்சல்யா என்னும் ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்புக்கு மாதம் 4000 ரூபாய் உதவித்தொகை உண்டு. இவை வேண்டியவையே; எனினும் வேலைப்பளுவைக் குறைக்காமல் பயிற்சியை மட்டும் கூட்டுவதால் பயன் மிகக் குறைவு என்று நான் உறுதியாக நம்புகிறேன். இரவுப் பணியில் இரண்டாவது ஆள், தவறாத வார விடுப்பு, நடந்ததைப் பழியின்றிச் சொல்லி அழ ஒரு மூத்தவர் ஆகிய மூன்றும் குழந்தைக்குத் தரும் சிகிச்சையின் பகுதியாகவே கணக்கிடப்பட வேண்டும்.

பணியாளர் மாற்றமும் அவ்வாறே திட்டமிடப்பட வேண்டியது. சொல்லாமல் ஒருவர் மறைந்துபோவது, முன்பே பலரை இழந்த குழந்தைக்கு இன்னுமோர் இழப்பு. விடுப்பில் செல்பவர் நாட்காட்டியில் குழந்தையின் கையாலேயே திரும்பும் நாளை வட்டமிடச் செய்து, அதுவரை யார் இருப்பார் என்று அவரையும் அருகில் நிறுத்திக் காட்டிவிட்டுச் செல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை வருவதாகச் சொன்னால், செவ்வாய்க்கிழமை காலையே வந்து நிற்க வேண்டும்.