கடிதம் கைக்கு வரும்வரை செட்டில்மென்ட் இல்லை

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை. கணவர் படுத்த படுக்கையானதும் தனிநபர் கடன் தவணை நின்றுபோனது. வசூல் ஆள் போனில், "60,000 ரூபாய் கட்டுங்க மேடம், கணக்கை முடிச்சிடலாம்" என்றார். நகையை அடகு வைத்துக் கட்டினார். மூன்று மாதம் கழித்து வேறொரு ஏஜென்சியிலிருந்து அழைப்பு வந்தது: பாக்கி இருக்கிறது என்று. கட்டிய பணம் வட்டிக்கும் அபராதத்துக்கும் போயிருந்தது. கிளையில் போய் நின்றால் ஒரே கேள்விதான்: "லெட்டர் இருக்கா?"

இந்தத் தொகையோடு கணக்கு முடிகிறது என்று வங்கி எழுதித் தரும் கடிதம் அவரிடம் இல்லை. இது அவருக்கு மட்டும் நடந்ததல்ல.

கடனைக் குறைத்து முடித்துக்கொள்ளும் சமரசத்துக்கு, அதாவது செட்டில்மென்டுக்கு, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்களுக்கென ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் சொல்லிவிட்டது. ஆனால் உங்களுக்குத் தள்ளுபடி தரவேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. வருமானம் குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை என்றால், முதலில் தவணைக் காலத்தை நீட்டித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கேட்பது எழுத்தில் இருக்கட்டும். இங்குதான் அலைக்கழிப்பு தொடங்கும். கிளையில் "கேஸ் ஹெட் ஆபீஸ் போயிடுச்சு" என்பார்கள். வசூல் பிரிவில் "பிராஞ்ச்ல கேளுங்க" என்பார்கள். இரண்டு பக்கமும் ஓடாதீர்கள். ஒரே கடிதம் போதும்: கடன் எண், வருமானம் ஏன் குறைந்தது, மாதம் எவ்வளவு கட்ட முடியும் அல்லது மொத்தமாக எவ்வளவு தர முடியும். கிளை மேலாளரிடம் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அங்கே நின்று மன்றாட வேண்டாம், ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வங்கியின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கும் அதே நாளில் ஒரு நகல் போகட்டும்.

விண்ணப்பம் கொடுத்துவிட்டதாலேயே வசூல் போன் நின்றுவிடாது. இதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முதல் வாரத்திலேயே உடைந்துபோவீர்கள். நிற்காவிட்டாலும் வரம்பு உண்டு. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. நுண்கடன் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஈடில்லாமல் தரும் சிறுகடன்) என்றால் காலை 9 முதல் மாலை 6 வரைதான். குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்வது, மிரட்டுவது, வாட்ஸ்அப்பில் அசிங்கப்படுத்துவது எல்லாமே தடை. நேரில் வருபவரிடம் அடையாள அட்டையும் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாசலோடு அனுப்பிவிடலாம்.

போனில் நீண்ட விளக்கம் தேவையில்லை. "இந்தத் தேதியில் எழுத்து மூலம் விண்ணப்பித்திருக்கிறேன், பதிலை எழுத்தில் அனுப்புங்கள், உங்கள் பெயரும் ஏஜென்சி பெயரும் சொல்லுங்கள்." அவ்வளவுதான். அழைப்பைப் பதிவு செய்யுங்கள். நேரம், எண், பேசியவர் பெயர் மூன்றையும் ஒரு நோட்டில் குறியுங்கள். எண்ணை மாற்றிவிட்டு ஒளிவது மட்டும் வேண்டாம். அடுத்த அழைப்பு மாமியாருக்கோ அலுவலகத்துக்கோ போகும், வங்கியின் கடிதமும் உங்களுக்கு வந்து சேராது.

பெரும்பாலானோருக்குத் தெரியாத விதி ஒன்று இருக்கிறது. கடன் வாங்கியவர் புகார் கொடுத்திருந்தால், அதை முடிவு செய்யும்வரை அந்தக் கணக்கை வங்கி வசூல் ஏஜென்சியிடம் அனுப்பக் கூடாது. வீம்புக்குத் தொடர்ந்து புகார் கொடுப்பவர் என்று வங்கி ஆதாரத்தோடு காட்டினால்தான் விலக்கு. ஆகவே மிரட்டல் வந்த அன்றே தேதி, நேரத்தோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணில் வாயால் சொன்னதோடு நிறுத்தாதீர்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, உதவி எண் 14448. வங்கியிடம் எழுத்தில் கேட்காமல் நேரே இங்கே போனால் தள்ளிவிடுவார்கள். வக்கீல் மூலமாகக் கொடுத்தாலும் ஏற்க மாட்டார்கள்.

"போலீஸ் வருது, வாரண்ட் ரெடி" என்று சொன்னால் பயப்படாதீர்கள். தவணை கட்ட முடியாமல் போவது மட்டும் குற்றம் ஆகாது. காசோலை விஷயம் வேறு. கடன் கொடுக்கும்போது கையெழுத்து வாங்கி வைத்த காசோலையை வங்கியில் போட்டு, அது பணமில்லாமல் திரும்பினால், காசோலைகளுக்கான சட்டத்தின் (Negotiable Instruments Act) பிரிவு 138-ன் கீழ் குற்ற வழக்கு வரலாம். தானியங்கி ஈஎம்ஐ பணமில்லாமல் திரும்பினாலும் அதேபோன்ற வழக்குக்குச் சட்டத்தில் இடம் உண்டு. அப்படி அறிவிப்பு வந்தால் கடிதத்தைப் பெட்டியில் போட்டு மூடாதீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு.

சம்பளக் கணக்கும் கடனும் ஒரே வங்கியில் இருந்தால், சம்பளம் விழுந்ததும் வங்கி பாக்கிக்கு எடுத்துக்கொள்ளலாம். பேச்சுவார்த்தைக்கு முன்பே சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு "ஈஎம்ஐயை நிறுத்துங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லும் நிறுவனங்களின் பக்கமே போகாதீர்கள். வழக்கு வந்தால் நீங்கள்தான் நிற்க வேண்டும்.

மக்கள் நீதிமன்றத்துக்கு அழைத்து நோட்டீஸ் வந்தால் நல்லதுதான், தைரியமாகப் போங்கள். ஆனால் அங்கே கையெழுத்திட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கூட்டத்தில் யாரோ அவசரப்படுத்துகிறார்கள் என்று, கட்ட முடியாத தொகைக்குத் தலையாட்டிவிடாதீர்கள். ஒப்புக்கொள்ளாமல் எழுந்து வர உங்களுக்கு உரிமை உண்டு.

வங்கி ஒப்புக்கொண்டால் கடைசியில் செட்டில்மென்ட் கடிதம் வரும். பணம் கட்டும் முன் நான்கு விஷயம் பாருங்கள். மொத்தத் தொகை எவ்வளவு, கடைசித் தேதி எது, இதோடு கணக்கு முழுமையாக முடிகிறது என்ற வாசகம் இருக்கிறதா, காசோலைகளைத் திருப்பித் தந்து வழக்கை வாபஸ் வாங்குவார்களா. ஒரு நாள் தவறினாலும் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டு முழுப் பாக்கியும் கேட்கலாம். அதனால் பணம் கைக்கு வரும் நாளைவிடப் பத்து நாள் தள்ளித் தேதி கேளுங்கள். கடன் கணக்கில் நேரடியாகக் கட்டுங்கள், ஏஜென்டின் சொந்த யுபிஐ எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

கட்டி முடித்ததும் பாக்கி இல்லை என்ற சான்றிதழை அங்கேயே கேட்டு வாங்குங்கள். உங்கள் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில் "செட்டில்டு" (குறைத்து முடிக்கப்பட்டது) என்று விழும், புதுக் கடன் கிடைப்பது சில காலம் கடினம். வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருந்தால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். தானாகத் தரமாட்டார்கள். 31-ஆம் நாள் காலையில் கடிதம் எழுதுங்கள்.