பெயர் ஒன்று, குணம் வேறு

புரோபயாடிக் (உடலுக்கு நல்லது என்று சாப்பிடும் உயிருள்ள நுண்ணுயிர்கள்) டப்பாவில் ‘ராம்னோசஸ்’ என்று பாக்டீரியாவின் இனப்பெயர் மட்டும் போட்டிருந்தால் அது பாதிப் பெயர்தான். அதற்குப் பின்னால் வரும் ‘ஜிஜி’ போன்ற ரகக் குறியீட்டில்தான் விஷயமே இருக்கிறது.

2009-இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் ஜிஜி, எல்சி705 என்ற இரண்டு ரகங்களின் ஜீனோமை, அதாவது மொத்த டிஎன்ஏ தொகுப்பை, முழுக்கப் படித்தார்கள். இரண்டும் ராம்னோசஸ் இனம், இரண்டிலும் ஏறத்தாழ 30 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள். கணினியில் வரிக்கு வரி ஒப்பிட்டபோது, ஜிஜியிடம் மட்டும் ஒரு மரபணுக் கூட்டம் இருந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் விளைவு கண்ணுக்கே தெரிந்தது: செல்லின் மேல் மெல்லிய இழைகள். இழை நெடுகிலும் உள்ள ஸ்பாசி என்ற புரதம் குடலின் சளிப் படலத்தைப் பற்றிக்கொள்கிறது. ஸ்பாசிக்கான மரபணுவை மட்டும் முடக்கினால் பிடி விட்டுப்போகிறது. மனிதக் குடலில் எல்சி705-ஐவிட ஜிஜி கூடுதல் நாள் தங்கியதன் காரணம் இப்படித்தான் பிடிபட்டது.

சரி, மரபணு இருந்தால் போதுமா? போதாது. அது இப்போது இயங்குகிறதா என்பதை, மரபணுவின் நகலான ஆர்என்ஏ சொல்லும். புரதம் உருவானதா, கடைசியில் என்ன பொருள் வெளியே வந்தது என்பதை, மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் நிறை நிறமாலைமானி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) அளக்கும். இந்த அடுக்குகளைச் சேர்த்துப் படிப்பதுதான் மல்டி-ஓமிக்ஸ்.

தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத சர்க்கரைகள் உண்டு. இன்ஃபான்டிஸ் என்ற பிஃபிடோபாக்டீரியாவுக்கு அவைதான் சாப்பாடு. அந்தச் சர்க்கரையைக் கொடுத்ததும் அதற்குரிய மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன, சர்க்கரையை உள்ளே இழுக்கும் புரதங்கள் பெருகுகின்றன, அசிட்டேட், லாக்டேட் என்ற அமில வகைப் பொருட்கள் வெளியே வருகின்றன. எல்லா அடுக்கும் ஒரே கதையைச் சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

ஏனென்றால், ஆயிரக்கணக்கான மரபணுக்களையும் பொருட்களையும் சில பத்துப் பேரிடம் அளந்தால், தற்செயலாகவே பல ‘தொடர்புகள்’ முளைக்கும். அவற்றைக் களையெடுப்பதுதான் புள்ளியியலின் பெரும்பாடு. இன்னொரு பக்கம், ஜீனோமிலிருந்து வேதிவினைகளின் பட்டியலைத் தயாரித்து, எந்த உணவில் ஒரு பாக்டீரியா வளரும் என்று கணக்குப் போடும் கணினி மாதிரிகளும் இருக்கின்றன. வளர முடியும் என்று அவை சொல்லும், அவ்வளவுதான். நிஜக் குடலில் இடம் கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியை இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனக் குழு 2018-இல் நேரடியாகவே கேட்டது. 11 ரகங்கள் கலந்த புரோபயாடிக்கைக் கொடுத்து, எண்டோஸ்கோப்பி (கேமரா குழாய்) மூலம் குடலுக்குள்ளிருந்தே மாதிரி எடுத்தார்கள். சிலர் குடலில் அவை ஒட்டின, சிலர் குடல் இடமே தரவில்லை. மலத்தை மட்டும் சோதித்திருந்தால் இந்த வித்தியாசம் சரியாகப் புலப்பட்டிருக்காது. யாருக்கு ஒட்டும் என்பதை, கொடுப்பதற்கு முன்பே குடலில் இருந்த நுண்ணுயிர்களும் குடல் செல்களில் இயங்கிய மரபணுக்களும் ஓரளவு காட்டிக்கொடுத்திருந்தன.