றைவர், சாரதி, செலுத்தி

கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ கொம்பியூட்டர் திருத்தும் கடைக்குள் கொஞ்ச நேரம் நின்றால் ‘றைவர்’ என்ற சொல் காதில் விழும். “ஓஎஸ் அடிச்சாச்சு, இனி றைவர் போடவேணும்.” வெளியே ஏ9 வீதியில் பஸ் ஓட்டுகிறவரும் றைவர்தான். ஒரு வன்பொருளை எப்படி வேலை வாங்குவது என்று பணிசெயல் முறைமைக்கு, அதாவது ஓஎஸ்ஸுக்கு, தானாகத் தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருக்கும் மென்பொருளுக்குத்தான் கணினியில் அந்தப் பெயர்.

‘றைவ்’ என்ற வினைக்கு மூலமான பழைய ஆங்கிலச் சொல் ‘டிரீஃபன்’. அதற்குப் பொருள் விலங்குகளை முன்னே விட்டுப் பின்னே நின்று விரட்டுவது. வன்னியில் பட்டி மாடு சாய்ப்பது என்போமே, அதுதான். வயலுக்குள் இறங்கிய மாட்டைக் கலைப்பதும் அந்த வினைக்குள் அடங்கும். மந்தை சாய்ப்பவருக்கு இருந்த பெயர் வண்டிக்காரருக்கும் மோட்டார்க்காரருக்கும் போய்க் கடைசியில் கணினிக்கு வந்தது.

நம்மிடம் இருக்கும் ‘சாரதி’ வடசொல், ரதத்தோடு சேர்ந்தது. சாரதி அனுமதிப்பத்திரத்தில் அது நன்றாகப் பொருந்தும். தேர் செலுத்துபவருக்குப் பழந்தமிழில் வலவன், பாகன் என்ற பெயர்களும் உண்டு. ஆனால் இவை மூன்றும் ஆளைக் குறிப்பவை. கருவிக்குத் தமிழ் வேறு வழி வைத்திருக்கிறது: பாக்குவெட்டி, மண்வெட்டி என்பதுபோல வினையோடு இகரம் சேர்ப்பது. செல் என்றால் தான் போவது, செலுத்து என்றால் மற்றதைப் போகச் செய்வது, அதிலிருந்து ‘செலுத்தி’. தமிழ்நாட்டில் ‘இயக்கி’ என்பார்கள். பிழையில்லை. ஆனால் இயங்குதளம், இயக்கு, இயக்கம் என்று ஒரே வேரில் பல சொற்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் அது மயக்கம் தரும். ‘இயக்கம்’ என்றால் வன்னியில் மனம் வேறெங்கோ போய்விடும் என்பது இன்னொன்று. எனவே செலுத்தியே நல்லது.

லினக்ஸில் திரைப் பிரச்சினை என்று வந்தால் சொல்லைத் தெரிந்துகொண்டது மட்டும் போதாது. ‘கிராபிக்ஸ் றைவர்’ என்று ஒருமையில் சொல்கிறோம். உள்ளே மூன்று இருக்கலாம். முதலாவது லினக்ஸ் கருவுக்குள் (கேர்னல்) இருப்பது: இன்டெலுக்கு ஐ915, ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியூ, என்விடியாவுக்கு நூவோ அல்லது நிறுவனத்தின் சொந்தச் செலுத்தி. இதைக் கருச் செலுத்தி எனலாம். இரண்டாவது, ஓப்பன்ஜிஎல், வல்கன் என்ற வரைவு இடைமுகங்கள் வழியாக நிரல் கேட்பதைச் சில்லுக்குப் புரியும் கட்டளையாக்குவது. பெரும்பாலும் அது மேசா என்ற மென்பொருள், 1993இல் பிரையன் போல் தொடங்கியது. இது வரைவுச் செலுத்தி. மூன்றாவது, சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய முறையான எக்ஸ்ஓஆர்ஜிக்கு மட்டும் உரிய திரைச் செலுத்தி. புதிய முறையான வேலண்டில் அதற்கு இடமில்லை. ‘றைவரை மாத்திப் பார்’ என்ற ஆலோசனை பாதி நேரம் வீணாவது, இந்த மூன்றில் எது என்று யாரும் கேட்காததால்தான்.

எது முறிந்தது என்பதை அறிகுறி சொல்லும். ஒரு நிரல் மட்டும் பட்டென்று மூடி மற்றவை ஓடினால் வரைவுச் செலுத்தியைச் சந்தேகிக்கலாம். முனையத்தில் (டெர்மினல்) ‘சூடோ டிமெஸ்ஜி’ கொடுத்து, ‘செக்ஃபோல்ட்’ என்ற சொல் உள்ள வரியைத் தேடுங்கள். அந்த வரியில் ‘இன்’ என்பதற்குப் பிறகு ஒரு கோப்புப் பெயர் வரும். அது ஐரிஸ், ரேடியன்எஸ்ஐ, லிப்கேலியம் போன்ற பெயராயிருந்தால் முறிந்தது மேசாவுக்குள். நிரலின் சொந்தப் பெயரே வந்தால் பெரும்பாலும் நிரலில்தான் பிழை. உறுதிப்படுத்த, ‘லிப்ஜிஎல்_ஆல்வேஸ்_சொஃப்ட்வெயர்=1’ என்பதைப் பெரிய எழுத்தில் நிரலின் பெயருக்கு முன்னால் அடித்து ஓடவிடுங்கள். இப்போது வரைவு வேலையைச் செயலியே செய்யும்; மெதுவாயிருக்கும். முறியவில்லை என்றால் சந்தேகம் சரி.

முழுத் திரையும் உறைந்தால் முதலில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து முனையம் வந்தால் கரு உயிரோடுதான் இருக்கிறது. வராமல் மீள ஆரம்பிக்க நேர்ந்தால், ‘ஜேர்னல்சிடிஎல் -கே -பி -1’ முந்தைய ஓட்டத்தின் கருப் பதிவைக் காட்டும். அதில் இன்டெல் என்றால் ‘ஜிபியூ ஹேங்’, ஏஎம்டி என்றால் ‘ரிங்’ என்பதோடு ‘டைம்அவுட்’, என்விடியா என்றால் ‘எக்ஸ்ஐடி’ என்ற சொல்லோடு ஓர் எண் இருக்கும்.

கருவை மேம்படுத்திய மறுநாள் கறுப்புத் திரை வருவது என்விடியா வைத்திருப்பவர்களுக்குப் பழகிய தொல்லை. புதிய கருவுக்கு ஏற்பச் செலுத்தியின் கருப்பகுதி மறுபடி கட்டப்பட வேண்டும். அந்தக் கருவின் தலைப்புக் கோப்புகள் (ஹெடர்ஸ்) இல்லாவிட்டால் அது நடக்காது. செக்யூர் பூட் செயலில் இருந்தால் கையொப்பமில்லாத பகுதியைக் கரு ஏற்காது. கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கருவைத் தெரிவுசெய்து உள்ளே போய்ச் சரிசெய்யலாம். அதுவும் முடியாவிட்டால் பட்டியலில் ‘ஈ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் முடிவில் ஓர் இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். அந்த ஓட்டத்துக்கு மட்டும் கரு திரைமுறையைத் தொடாது. படம் பெரிதாய், மங்கலாய் வரும், வேலைக்குப் போதும். இதை நிரந்தரமாக்கி வைப்பவர்களும் உண்டு. அது மருந்தல்ல, வாங்கிய கிராபிக்ஸ் அட்டையைச் சும்மா வைத்திருப்பது.

பாவித்து வந்த பழைய இன்டெல் கணினிகளில் எக்ஸ்ஓஆர்ஜியின் ‘இன்டெல்’ திரைச் செலுத்தியே குழப்புவதுண்டு. டெபியன், உபுண்டுவில் ‘எக்ஸ்சேர்வர்-எக்ஸ்ஓஆர்ஜி-வீடியோ-இன்டெல்’ பொதியை நீக்கினால் பொதுவான ‘மோட்செட்டிங்’ செலுத்தி தானே பொறுப்பேற்கும். எதையும் பதிவிறக்கத் தேவையில்லை. போன் டேட்டாவில் இருப்பவர் முதலில் இதைச் செய்து பார்க்கலாம். என்விடியாவின் சொந்தச் செலுத்தியில், கெப்ளர் தலைமுறை அட்டைகளுக்குக் கடைசி 470 வரிசை, அதற்கு முந்திய ஃபெர்மிக்கு 390 வரிசை. ஜிடி 730 என்ற பெயரில் இரண்டு வகையும் விற்கப்பட்டதால் பெட்டியைப் பார்க்காமல் ‘எல்எஸ்பிசிஐ -கே’ கொடுத்துச் சில்லின் பெயரைப் பாருங்கள். ஜிகே என்று தொடங்கினால் கெப்ளர், ஜிஎஃப் என்றால் ஃபெர்மி.

எக்ஸ்ஐடி எண் 79 வந்தால் மட்டும் செலுத்திகளைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள். அட்டையோடு இருந்த தொடர்பே அறுந்தது என்று அதற்குப் பொருள். கோடையில் செம்மண் புழுதி வெப்பத்தகட்டை அடைத்திருக்கும், அல்லது பவர் சப்ளை தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் அட்டை துளையில் சரியாக உட்கார்ந்திராது. மின்னை நிறுத்தி, அட்டையைக் கழற்றி, காற்றாடி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதித் துடைத்துத் திரும்ப அழுத்திப் பூட்டுங்கள். பிறகும் அதே எண் வந்தால் வேறொரு பவர் சப்ளையைக் கொளுவிப் பார்க்க வேண்டியதுதான்.