கருப்பா இருந்தா ஒயின் திராட்சை ஆயிடாதுங்க

ஒயின் திராட்சை போட்டுவிட்டேன் என்று என்னிடம் வருபவர்களில், இந்த வருடத்தில் இவர் மூன்றாவது ஆள். கோவை பூலுவபட்டிப் பக்கம் தோட்டம். நல்லா இருந்த வாழையை எடுத்துவிட்டு, முக்கால் ஏக்கரில் கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்துப் பந்தல் போட்டு, திராட்சைக் குச்சியும் நட்டு முடித்த பிறகு என்னிடம் வருகிறார். "ஏனுங் சார், கேபர்நெட் போட்டிருக்கறனுங்க, எப்பக் கவாத்து பண்றதுங்க?" கொடியை எப்போது கத்தரிப்பது என்கிறார். நடுவதற்கு முன்னால் ஒருத்தராவது கேட்கக் கூடாதா?

கையில் ஒரு இலை வைத்திருந்தார். அவர் கேபர்நெட் என்றது கேபர்னே சவிஞான், சிவப்பு ஒயினுக்கான திராட்சை. அதன் இலையில் வெட்டு ஆழமாக இறங்கும், மடல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், நடுவில் யாரோ குத்தியெடுத்த மாதிரி ஓட்டைகள் தெரியும். இதில் ஒரு ஓட்டையும் இல்லை. தோட்டத்தில் போய்ப் பார்த்தேன், அத்தனையும் நம்ம பன்னீர் திராட்சை. ஏமாந்தது உங்களுக்கு நல்லதாப் போச்சு என்றேன். முறைத்தார்.

எல்லாரும் ஒரே கணக்குத்தான் போடுகிறார்கள்: திராட்சை கருப்பா இருந்தால் ஒயினுக்கு ஆகும், ஒயினுக்கு ஆவதென்றால் ருசி அதிகம், விலையும் அதிகம். மூன்றுமே தப்பு. பன்னீரும் கருப்புத்தான், ஆனால் சதையும் சாறும் மணமுமாக வாயில் போட்டுத் தின்னுவதற்கு வளர்ப்பது. கேபர்னே காய் எடையில் அதில் பாதிகூட வராது. தோல் தடிமன், உள்ளே இருக்கிற கொஞ்சம் சதையையும் விதையே பிடித்துக்கொள்ளும், கடித்தால் இனிப்போடு துவர்ப்பும் சேர்ந்து நாக்கில் ஒட்டும். அந்தத் தோலும் துவர்ப்பும்தான் ஒயின்காரனுக்கு வேண்டும். பிழிந்த சாற்றில் நிறமே இருக்காது, சிவப்பெல்லாம் தோலை ஊறவைத்து எடுப்பதுதான். இன்னொன்று, இது ஒன்றும் ராஜவம்சத்துச் செடி இல்லை. 1990-களில் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மரபணுவைச் சோதித்துப் பார்த்தபோது, கேபர்னே ஃப்ராங் என்ற கருப்பு ரகமும் சவிஞான் பிளாங் என்ற வெள்ளை ரகமும் கலந்து பிறந்தது என்று தெரிந்தது. ஆமாங்க, வெள்ளைத் திராட்சையின் பிள்ளை.

கேபர்னேயைப் பெட்டியில் அடுக்கி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால் வியாபாரி ஒரு காயை வாயில் போட்டுவிட்டுத் துப்புவார். பன்னீரை வாங்கவாவது வாசலில் ஆள் நிற்கிறான்.

"எங்க சிறுவாணி அடிவாரம் குளுகுளுன்னு இருக்குமுங்களே" என்பார்கள். கேபர்னேயின் சொந்த ஊரான பிரான்சின் போர்தோ 45 டிகிரி வட அட்சரேகையில், நாம் 11-இல். அங்கே குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்கும். இங்கே தூக்கமே கிடையாது, நாம் கத்தரித்துத்தான் துளிர்க்க வைக்கிறோம். ராத்திரியும் சூடாக இருந்தால் காயில் புளிப்பு நிற்காது. தாமதமாகப் பழுக்கும் ரகம் வேறு, பழுக்கிற நேரத்தில் ஐப்பசி மழை பிடித்தால் முடிந்தது. வளராது என்று சொல்லவில்லை. நாசிக்கிலும் பெங்களூர் பக்கத்திலும் வளர்க்கிறார்கள், ஆனால் அங்கே ஒயின் ஆலை பக்கத்திலேயே இருக்கிறது.

அதனால், முதலில் வாங்குகிற ஆலை யார் என்று பாருங்கள், எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள், அப்புறம் குழி எடுங்கள். குச்சி வாங்கும்போது தாய்க்கொடியைக் காட்டச் சொல்லுங்கள், டாக்ரிட்ஜ் மாதிரி வேர்ச்செடியில் ஒட்டியதா என்று கேளுங்கள். விதை போட்டு முளைக்கவைக்கிறேன் என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள், அது வேறு ஏதோ ஒன்றாகத்தான் வரும். விற்காவிட்டால் நானே டிரம்மில் ஊறவைத்துக்கொள்கிறேன் என்று ஒருத்தர் சொன்னார். உரிமம் இல்லாமல் செய்தால் மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு வரும் சாமி, வேண்டாம்.

பூலுவபட்டிக்காரரிடம் பன்னீரை அப்படியே வளர்க்கச் சொல்லியிருக்கிறேன். கிளம்பும்போது, "அந்தக் குச்சிக்காரங்கிட்டப் பணத்தைத் திருப்பிக் கேக்கலாமுங்களா?" என்றார்.

பில் இருக்கிறதா என்றேன்.

"பில்லெல்லாம் தரலீங்க."