குதிகால் ரத்த அட்டையைச் சேர்த்து வைக்காதீர்கள்

பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, ரத்தத் துளிகளை அட்டையில் காயவைத்து, பிறவி நோய்களைக் கண்டறிய எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். சென்ற வாரமும் ஒரே உறைக்குள் ஒரு கட்டு அட்டைகள் வந்தன. ரத்தம் எடுத்த தேதிகளைப் பார்த்தால், முதல் அட்டைக்கும் கடைசி அட்டைக்கும் பத்து நாள் இடைவெளி. “கொஞ்சம் சேரட்டும், கூரியர் செலவு மிச்சம்” என்று பிரசவ வார்டு இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறார்கள். இருந்ததிலேயே பழைய அட்டையில்தான் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டால் ஏறும்) எகிறியிருந்தது. மறுபரிசோதனையில் பிறவித் தைராய்டு குறைபாடு உறுதியானது. பிறந்து இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கியிருக்க வேண்டிய குழந்தை அது. அந்த நாள் கடந்த பிறகுதான் எங்களால் தொலைபேசியையே எடுக்க முடிந்தது.

தாமதத்தைக் கேட்டால் வரும் பதில், “குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது?” கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நன்றாக இருக்கும்போதே கண்டுபிடிக்கத்தான் இந்தப் பரிசோதனை! தாயின் தைராய்டு ஹார்மோன் ஓரளவு கருவுக்குப் போய்ச் சேர்வதால், இந்தக் குறைபாடுள்ள பெரும்பாலான குழந்தைகள் பிறந்தவுடன் மற்றக் குழந்தைகளைப் போலவே இருக்கும். பால் குடிக்கும், எடையும் சரியாக இருக்கும். நாக்கு தடித்து, அழுகை கரகரத்து, தொப்புள் பிதுங்கி, காமாலை இறங்காமல் நிற்பதைக் கண்ணால் பார்க்கும்போது மூளை வளர்ச்சிக்குரிய வாரங்கள் கைநழுவியிருக்கும். சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியின் பிறவிக் கோளாறு இன்னும் மோசம். ஆண் குழந்தையென்றால் வெளியே எதுவும் தெரியாது. இரண்டாம் வாரத்தில் வாந்தி, உப்பிழப்பு, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்து வந்துவிடும்.

ஆகவே செவிலியர்களுக்கு: பிறந்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுங்கள். முதல் துளியைத் துடைத்துவிடுங்கள். ஒரு வட்டத்துக்கு ஒரு பெரிய துளி, அதுவும் ஒரே பக்கத்தில். துளிமேல் துளி வைத்தால் நாங்கள் வெட்டியெடுக்கும் 3.2 மில்லிமீட்டர் வில்லையில் ரத்தம் கூடிப்போய் அளவு பொய் சொல்லும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்புறமும் வட்டம் நிறைந்திருந்தால்தான் அது மாதிரி. வெயில் படாமல், படுக்கை வாட்டில், மூன்று நான்கு மணி நேரம் காயட்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் திணிக்காதீர்கள், நாங்கள் அளக்கவேண்டிய ஜி6பிடி என்ற ரத்தச் சிவப்பணு நொதி பாழாகிவிடும். காய்ந்ததை அன்றோ மறுநாளோ அனுப்பிவிடுங்கள், ஒரே ஒரு அட்டை இருந்தாலும்.

ஆய்வகத்து நண்பர்களையும் விடப்போவதில்லை. மாதிரிகளைப் போட்டுப் பரிசோதிக்கும் 96 குழித் தட்டு நிரம்பட்டும் என்று காத்திருப்பதும் அதே இழுப்பறைப் புத்திதான். ரசாயனச் செலவு எனக்கும் தெரியும். இருந்தாலும் தட்டை வேலைநாள்தோறும் ஓட்டுங்கள். அட்டை தேறுமா தேறாதா என்பதை வாங்கும் மேசையிலேயே முடிவு செய்யுங்கள். துளையிட உட்காரும்போது பார்த்தால் மறு மாதிரி கேட்பதற்குள் இன்னொரு நாள் போய்விடும். இரட்டைக் குழந்தைகளின் அட்டைகளில் முதல், இரண்டாம் என்று எழுதியிருக்கிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள். ஆபத்தான முடிவை அறிக்கை அச்சாகும்வரை வைத்திருக்காமல் உடனே குழந்தைநல மருத்துவரிடம் பேசுங்கள்.

இன்னொரு பெரிய தலைவலி தொலைபேசி எண். பிரசவத்துக்குப் பின் தாயும் பிள்ளையும் அம்மா வீட்டில் இருப்பார்கள். அட்டையில் இருப்பதோ கணவர் வீட்டு முகவரியும், வெளியூரில் வேலை பார்ப்பவரின் எண்ணும். அழைத்தால் எடுக்க ஆளில்லை. பிள்ளை இப்போது எங்கே இருக்கிறதோ அந்த வீட்டு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

பெற்றோரே, மறுபடி ரத்தம் கேட்டு அழைப்பு வந்தால் தயவுசெய்து பயந்து ஒதுங்காதீர்கள். பல நேரங்களில் இரண்டாவது முடிவு சரியாகவே வரும். அழைப்பே வராவிட்டால் எல்லாம் நலம் என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஒரு வாரமாகியும் முடிவு கைக்கு வரவில்லையென்றால் மருத்துவமனைக்கு நீங்களே போய்க் கேளுங்கள்.