கிட்டார் கழுத்துக்குள் ஒரு வளைந்த கம்பி

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து தன் பேஸ் கிட்டாரின் முதல் நான்கைந்து ஃபிரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில்) எந்தச் சுரத்தை வாசித்தாலும் தந்தி உலோகத்தில் உரசிக் கரகரக்கிறது என்று, நாகர்கோவிலில் தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கழுத்துக்குள் ஓடும் கம்பியான ட்ரஸ் ராடைத் திருகினால் சரியாகும் என்று சிலரும், அதைத் தொட்டால் கழுத்தே உடைந்துவிடும் என்று சிலரும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. எது எப்போது உண்மையாகும் என்பது கழுத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது.

1951-இல் ஃபெண்டர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களுக்கு இதுவே அளவு. நான்கு தந்திகளையும் சுருதி சேர்த்தால் அவை சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 80 கிலோ எடைக்கு ஈடாகும். ஒரு வளர்ந்த ஆள் அந்த மெல்லிய மரக் கழுத்தின் முனையில் இரவும் பகலும் தொங்கிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். தந்திகள் மரத்துக்கு மேலே ஓடுவதால், நாணேற்றிய வில்லைப் போலக் கழுத்து அவற்றின் பக்கமாக வளைகிறது.

அந்த வளைவு முழுவதும் தீமையன்று. மீட்டிய தந்தி தன் நடுப்பகுதியில்தான் மிக அகலமாக ஆடுகிறது. நொடிக்கு 41 முறை அதிரும் தடித்த ஈ (E) தந்தியின் ஆட்டம் கண்ணுக்கே தெரியும். அந்த ஆட்டத்துக்கு இடம்விட்டுக் கழுத்து நடுவில் சற்றே குழிந்திருக்க வேண்டும். பேஸ் கிட்டாருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் குழிவு 0.3 மில்லிமீட்டர் அளவுதான், அதாவது மூன்று ஏ4 தாள்களை அடுக்கிய தடிமன். இது குறைந்தால் முதல் ஃபிரெட்டுகளில் கரகரப்பு வரும். கூடினால் தந்தி உயர்ந்து விரல் வலிக்கும்.

இந்த மூன்று தாள் தடிமனைக் காப்பதற்காகவே கழுத்துக்குள் ஓர் எஃகுக் கம்பி இருக்கிறது. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹியூ இதற்கான காப்புரிமையை 1923-இல் பெற்றார். பழைய பாணிக் கழுத்துகளில் இக்கம்பி நேராக இருப்பதில்லை. நடுவில் கழுத்தின் முதுகை நோக்கித் தாழ்ந்து, இரு முனைகளிலும் உயர்ந்து, வளைந்த பள்ளத்தில் கிடக்கிறது. ஃபெண்டர் கழுத்துகள் பலவற்றின் பின்புறம் நெடுக ஓடும் கறுத்த மரப் பட்டை, அந்தக் கம்பியை உள்ளே வைத்து மூடிய தடம்தான்.

நான் பெரிதும் ரசிப்பது இந்த வளைவைத்தான். ஈரத் துணி காயும் கொடிக்கயிறு தொய்ந்திருக்கும்போது ஒரு முனையை இழுத்துக் கட்டிப் பாருங்கள்: நாம் இழுப்பது பக்கவாட்டில், ஆனால் நடுவில் தொங்கும் புடவை மேலே எழுகிறது. வளைந்து கிடக்கும் எதையும் முனைகளில் இழுத்தால் அது நேராகப் பார்க்கும்; நேராகும் வழியில் தன்மேல் இருப்பதைத் தூக்கும். ட்ரஸ் ராடின் ஒரு முனை மரத்தில் அசையாமல் பிடிக்கப்பட்டிருக்கிறது. மறுமுனையில் மரை (நட்டு) இருக்கிறது. மரையை இறுக்கும்போது கம்பி நேராக முயன்று, தந்திகள் எந்த நடுப்பகுதியைக் குழியச் செய்கின்றனவோ, அதே நடுப்பகுதியை மேல்நோக்கித் தள்ளுகிறது. மேம்பாலங்களைத் தாங்கும் முன்தகைவுக் கான்கிரீட் (உள்ளே எஃகு வடங்களை இழுத்து இறுக்கிய கான்கிரீட்) உத்தரங்கள் பலவற்றில் எஃகு வடங்கள் நடுவில் தாழ்ந்து வளைந்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஃபிரெய்சினே முன்தகைவுக் கான்கிரீட்டுக்குக் காப்புரிமை பெற்றது 1928-இல். லாரிகளைத் தாங்கும் உத்தரத்துக்குள்ளும் மடியில் வைத்து வாசிக்கும் கருவிக்குள்ளும் ஒரே சிந்தனை வேலை செய்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இப்போதைய கருவிகள் பலவற்றில் இரட்டைச் செயல் கம்பி வருகிறது. அது கழுத்தை இரு திசைகளிலும் வளைக்க வல்லது.

இனி, அச்சத்துக்கான காரணம். அங்குலத்துக்கு 32 புரிகள் கொண்ட கம்பியில் மரையை ஒரு முழுச் சுற்று திருப்பினால் அது நகர்வது 0.8 மில்லிமீட்டர். மரையைத் திருப்பும் அறுகோணச் சாவியான ஆலன் கீயின் கை 5 சென்டிமீட்டர் என்றால், அதே சுற்றுக்கு நம் விரல் நுனி ஏறத்தாழ 314 மில்லிமீட்டர் பயணம் செய்கிறது. உராய்வே இல்லையென்றால் விரலின் விசை 400 மடங்காகப் பெருகும். உண்மையில் பத்தில் ஒன்பது பங்கை உராய்வு விழுங்கிவிடுகிறது. அப்படியும் 2 கிலோ அளவிலான விரல் அழுத்தம் 80 கிலோ இழுவையாக மாறுகிறது. நான்கு தந்திகளின் மொத்த இழுவை நம் இரண்டு விரல்களுக்குள் வந்துவிடுகிறது என்பதால், கையின் பலத்தை நம்பி வேலை செய்ய இது இடமன்று.

ஆகவே முதலில் அளக்க வேண்டும். தந்திகளை முறையான சுருதிக்குக் கொண்டுவந்து, கருவியை வாசிக்கும் நிலையில் பிடித்து, முதல் ஃபிரெட்டில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போவை மாட்டி, ஈ தந்தியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்துங்கள். தச்சர் நூல் பிடித்துப் பார்ப்பதைப் போல, இப்போது தந்தியே நேர்கோடாகிவிடும். எட்டாவது ஃபிரெட்டின் தலைக்கும் தந்திக்கும் இடையிலுள்ள இடைவெளியில் ஃபீலர் கேஜை (தடிமன் குறித்த மெல்லிய உலோகத் தகடுகளை) நுழைத்தால் குழிவின் அளவு தெரியும். அளவு சரியாக இருந்தும் கரகரப்பு இருந்தால், தேய்ந்த ஃபிரெட்டோ, உடல்பகுதியில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் உயரமோ காரணமாக இருக்கலாம். ட்ரஸ் ராடுக்கு அதில் வேலையில்லை.

சாவியின் அளவு துல்லியமாக இருக்க வேண்டும். மரையின் துளை 3/16 அங்குலம் என்றால் அது 4.76 மில்லிமீட்டர், அந்தத் துளைக்குள் 5 மில்லிமீட்டர் சாவி நுழையாது, 4.5 மில்லிமீட்டர் சாவி நுழைந்து வழுக்கும். பழுதுபார்ப்பவர் ஒருவரின் மேசையில் அப்படிக் கெட்டுப்போன மரை ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஆறு மூலைகளும் மழுங்கி, துளை ஏறக்குறைய வட்டமாகவே ஆகியிருந்தது. அதை வெளியே எடுக்க அவருக்கு ஒரு பகல் முழுதும் பிடித்தது.

மரையை நேராகப் பார்த்தபடி வலமாகத் திருப்பினால் குழிவு குறையும். இடமாகத் திருப்பினால் கூடும். தொடங்கும் முன் மரை நிற்கும் நிலையைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். அதில் பாதியே பல நேரம் போதும். இறுக்கும் முன் தந்திகளைச் சற்றுத் தளர்த்தினால் மரையின் மேலுள்ள சுமை குறையும். திருப்பியபின் மீண்டும் சுருதி சேர்த்து அளவெடுங்கள். மரம் உடனே முழுதாக இணங்கிவிடாது, ஆகவே ஓர் இரவு விட்டு மறுநாள் மறுபடி அளப்பது அவசியம். மரை அசைய மறுத்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, கருவியைத் தேர்ந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மழைக்காலத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்றால், உண்டு. மரம் ஈரத்தை வாங்கி உப்பும், இழந்து சுருங்கும். கழுத்தின் மேப்பிள் மரமும் அதன்மேல் ஒட்டிய, ஃபிரெட்டுகள் பதிந்த விரல்பலகையும் ஒரே அளவில் அதைச் செய்வதில்லை. எந்தப் பக்கம் வளையும் என்பது அந்தந்தக் கழுத்தைப் பொறுத்தது என்பதால்தான் அளவெடுக்காமல் திருகக் கூடாது என்கிறேன். உலகெங்கும் விரல்பலகைக்கு விரும்பப்படும் மரங்களில் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி. அம்மரத்தைத் தரும் நாம் மர அறிவியல் ஆய்வுக்கு இன்னும் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மரத்தை வைத்துப் பிழைக்கும் தச்சருக்கும் இசைக்கருவி செய்பவருக்கும் அந்த அறிவு நேரடியாகப் பயன்படும்.

வாசகரின் கருவிக்கு வருவோம். அவர் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால், கழுத்து நேராகிவிட்டது அல்லது பின்புறம் வளைந்துவிட்டது என்று தோன்றுகிறது. அளவும் அதையே காட்டினால், அவர் செய்ய வேண்டியது மரையை இடப்பக்கம் தளர்த்துவது. எல்லோரும் அஞ்சும் இறுக்கும் வேலையே அவருக்கு இல்லை. பழைய பாணி ஒற்றைக் கம்பி என்றால், முழுதும் தளர்த்திய பிறகும் குழிவு வராமல் போகலாம், ஏனெனில் அந்தக் கம்பியால் எதிர்த்திசையில் தள்ள முடியாது. அப்போது இன்னும் தடித்த தந்திகளை மாட்டி, கூடுதல் இழுவையே கழுத்தை வளைக்கிறதா என்று ஒரு வாரம் விட்டுப் பார்க்கலாம்.